ஸ்டாக் பிளந்து இரண்டு மாஸ்டர்: ரிங் மட்டும் போதுமா?

ராக்காவலன் கேட்டது:
நான்கு நெட்வொர்க் ஸ்விட்ச் கொண்ட ஸ்டாக் (கேபிளால் இணைந்து ஒரே ஸ்விட்ச் போல இயங்குபவை). சங்கிலியாகக் கோத்திருந்தோம், நான்காவதிலிருந்து முதலாவதற்குக் கேபிள் இல்லை. நடுவில் ஒரு ஸ்டாக் கேபிள் தளர்ந்ததும் 1-2 தனி, 3-4 தனி. இரண்டிலும் மாஸ்டர் (ஸ்டாக்கை நடத்தும் ஸ்விட்ச்), அதே மேனேஜ்மென்ட் ஐபி, அதே மேக் முகவரி. கோரில் (ஸ்டாக் போய்ச் சேரும் மைய ஸ்விட்ச்) பார்த்தால் எல்ஏசிபி பண்டில் (பல லிங்கை ஒன்றாகச் சேர்த்தது) மொத்தமும் அப்! ஆனால் சில கணினிகள் வேலை செய்தன, சில செய்யவில்லை. நான்காவதிலிருந்து முதலாவதற்கும் கேபிள் போட்டு ரிங்கை மூடினால் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா?

வயர்மணி:
பண்டில் அப் என்று காட்டத்தான் செய்யும். எல்ஏசிபி எதிர்ப்பக்கத்தின் சிஸ்டம் ஐடியைப் பார்க்கிறது. இரண்டு பாதியும் ஒரே மேக்கிலிருந்து ஒரே ஐடியை அனுப்பினால் கோருக்குப் பிரிவே தெரியாது. மூன்றாவது ஸ்விட்சில் உள்ள கணினிக்கான ஃப்ரேமை ஹாஷ் கணக்குப்படி (எந்த லிங்கில் அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் கணக்கு) முதலாவதற்கு அனுப்பிவிடும். அது அங்கேயே தொலைந்துபோகும்.

ரிங்கை இன்றைக்கே மூடுங்கள். அப்புறம் ஒரு கேபிள் போனால் சங்கிலியாகும், பிளக்காது. ஆனால் பவரையும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. 1, 3 ஒரு பவர் ஃபீடிலும் (மின் இணைப்பு) 2, 4 இன்னொன்றிலும் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது ஃபீட் போனால் 2, 4 அணையும். மிஞ்சிய 1-க்கும் 3-க்கும் நடுவே எந்த வழியும் இல்லை, ரிங் இருந்தும் பிளவுதான். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு பவர் சப்ளை, இரண்டு ஃபீட் என்று கொடுப்பதே சரி. முடியாவிட்டால் 1-2 ஒரு ஃபீட், 3-4 ஒரு ஃபீட்.

லிங்க்லைட்:
ரிங் பிளவை அரிதாக்கும், அவ்வளவுதான். பிளந்துவிட்டால் ஒரு பாதி அடங்கவேண்டும், அதற்குத்தான் பிளவைக் கண்டறியும் டிடெக்‌ஷன். அது ஸ்டாக் கேபிள் வழியே போகக்கூடாது. ஐஆர்எஃப் (எச்3சி, எச்பிஇ ஸ்விட்சுகளின் ஸ்டாக் முறை) என்றால் அதைச் செய்வது பிஎஃப்டி மேட்: தனி விலான் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்), மெம்பர் (ஸ்டாக்கில் உள்ள ஸ்விட்ச்) ஒவ்வொன்றிலும் ஒரு போர்ட், நான்கு பேர் என்பதால் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச். அந்த போர்ட்களில் ஸ்பானிங் ட்ரீயை (லூப்பைத் தடுக்கும் நெறிமுறை) அணைத்துவிடுங்கள். பிளந்தால், மாஸ்டரின் மெம்பர் எண் சிறியதாக உள்ள பாதி நிற்கும். மற்றது ரிகவரி நிலைக்குப் போய்த் தன் போர்ட்களை மூடிக்கொள்ளும். சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ் வர்ச்சுவல் என்றால், அதே வேலையைச் செய்யும் ஃபாஸ்ட் ஹலோவுக்குத் தனி லிங்க்.

ரிகவரியில் இருக்கும் பாதியின் போர்ட்களை அவசரத்தில் கையால் திறந்துவிடாதீர்கள். பழைய குழப்பம் அப்படியே திரும்பும்.

ராக்காவலன்:
நன்றி. இன்னொரு இடத்தில் ஜூனிப்பர் வர்ச்சுவல் சேசிஸ் (அவர்களின் ஸ்டாக் முறை), இரண்டே மெம்பர். அங்கேயும் ஸ்ப்ளிட் டிடெக்‌ஷன் வைக்கவா?

வயர்மணி:
அங்கே அணைத்துவிடுங்கள், 'நோ-ஸ்ப்ளிட்-டிடெக்‌ஷன்'. இரண்டே பேர் இருக்கும்போது பேக்கப் ஸ்விட்ச் பவர் இழந்தாலும் மாஸ்டர் அதைப் பிளவு என்று எடுத்துக்கொண்டு தானும் ஒதுங்கிவிடலாம். அப்படியானால் மொத்தமும் நின்றுபோகும். அதற்குப் பதிலாக ஸ்டாக் லிங்கை இரண்டாக்கி, கேபிள்களை வெவ்வேறு வழியில் கொண்டுபோங்கள். பராமரிப்பு நேரம் வாங்கி, முதலில் ஒன்றை, பிறகு இரண்டையும் உருவி, கோரில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.