நிறையப் பேர் ரிப்போர்ட் செய்த பதிவைத் தூக்கத்தான் வேண்டுமா?

கோணமலையான்:
வணக்கம். திருகோணமலை ஊர்ச் செய்திகளுக்கான ஒரு பேஸ்புக் குழுவில் நானும் இன்னும் இருவரும் மொடரேட்டர்களாக இருக்கிறோம். போன கிழமை ஒருவர் சந்தையில் வாங்கிய பாரை மீன் பழுதாகிவிட்டது என்று படத்தோடு எழுதி, எந்தக் கடை என்றும் சொல்லிவிட்டார். செவுள் கறுத்துப் போனது படத்தில் நன்றாகவே தெரிகிறது. பொழுதுபடுவதற்குள் அந்தப் பதிவு மேல் ரிப்போர்ட் வந்து குவிந்துவிட்டது. மற்ற மொடரேட்டர் ஒருவர், இத்தனை பேர் ரிப்போர்ட் செய்தால் தானாகவே நீங்கிவிடும்படி அட்மின் அசிஸ்டில், அதுதான் நாம் வைக்கும் விதிப்படி குழுவைத் தானாகக் கவனிக்கும் பேஸ்புக் வசதியில், போட்டுவிடுவோம், நமக்கும் தலையிடி இல்லை என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கொட்டியாரக்குடா:
தம்பி, அதை மட்டும் போடாதீர்கள். போட்டால் சொந்தக்காரர் அதிகம் உள்ளவன் எந்தப் பதிவையும் தூக்கிவிடுவான். ரிப்போர்ட்டின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில்லை என்று பேஸ்புக்கே சொல்கிறது, அப்படியிருக்க நாம் ஏன் அதை எண்ண வேண்டும்? அட்மினுக்கு வரும் ரிப்போர்ட்டில் அனுப்பியவரின் பெயரும் தெரியும், அதைப் பாருங்கள். எல்லாம் ஒரே வீட்டாரும் அயலாரும் என்றால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் அதற்காக ரிப்போர்ட்டைத் தள்ளிவிடவும் கூடாது, கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். நான் பார்ப்பது இதைத்தான்: எழுதியவர் தானே வாங்கினாரா, யாரோ சொன்னதை எழுதினாரா? மீனைப் பற்றி எழுதியிருக்கிறாரா, கடைக்காரரின் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டியிருக்கிறாரா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இருக்க வேண்டிய பதிவு. கடைக்காரரையும் கீழே பதில் எழுதச் சொல்லுங்கள். கமெண்டில் சண்டை முற்றினால் கமெண்டை மட்டும் நிறுத்தி வையுங்கள், பதிவு அப்படியே இருக்கட்டும்.

கிண்ணியா ஆற்றங்கரை:
கொட்டியாரக்குடா நானா சொன்னது சரி, ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. சில பதிவுகளுக்கு ஒரே ஒரு ரிப்போர்ட் வந்தாலே போதும், யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஒருவருடைய போன் நம்பர், விபத்தில் இறந்தவரின் படம், பிள்ளைகளின் முகம், அப்புறம் ஒரு இனத்தையோ மதத்தையோ தூண்டிவிடும் எதுவும். 2018 மார்ச்சில் கண்டி, திகன பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரம் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னர் அம்பாறையில் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலப்பதாகப் பரவிய ஒரு வீடியோவால் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் வெறுப்புப் பதிவுகளை ஆட்கள் ரிப்போர்ட் செய்தும் விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. அரசாங்கம் பேஸ்புக்கையே சில நாட்கள் முடக்கியது, பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். ஆகவே மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. மூன்று இனமும் இருக்கிற ஊரில் குழு நடத்துகிறீர்கள், உங்கள் மூவரில் ஒருவருக்காவது சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்புப் பட்டனை நம்பி முடிவெடுக்காதீர்கள், நக்கலும் வசையும் அதில் சரியாக வராது.

இன்னொன்று சுனாமி வதந்தி. மார்கழியில் கடல் கொஞ்சம் கொந்தளித்தாலே யாராவது ஒரு குரல் பதிவைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். 2004ஐக் கண்ட சனம், உண்மையா பொய்யா என்று பார்த்துக்கொண்டிருக்காது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதை உடனே தூக்கிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவிப்பை அந்த இடத்தில் போடுங்கள். தூக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு நான் அப்படிப் போடவே இல்லை என்று சொல்ல இடம் இருக்காது.

உப்புவெளி வாசி:
நான் மொடரேட்டர் இல்லை, வாசிக்கிறவள். எங்கள் ஒழுங்கையில் குப்பை எடுக்க வராததைப் பற்றி ஒரு குழுவில் எழுதினேன், மறுநாள் பதிவைக் காணோம். ஏன் என்று கேட்டு அனுப்பினேன், பதிலே இல்லை. தூக்கியதை விட அதுதான் கூடக் கவலை, ஏனென்றால் யாருக்குப் பயந்து தூக்கினார்கள் என்றுதான் மனம் போகும். எந்த விதியை மீறியது என்று காட்டி நீக்குகிற வசதி பேஸ்புக்கில் இருக்கிறதே, அதைப் பாவியுங்கள். தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். திருத்திப் போடலாம் என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் திருத்தித் தருவோம்.

கோணமலையான்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மீன் பதிவு அப்படியே இருக்கும், கடைக்காரருக்கும் எழுதிவிட்டேன். அக்கா சொன்னபடி இனிமேல் காரணம் எழுதாமல் எதையும் நீக்குவதில்லை என்று பேசிக்கொண்டோம். ஒரு சங்கடம் மட்டும் மிச்சம்: அட்மின் அசிஸ்ட் கேட்டவருக்கு அந்தக் கடைக்காரர் நெருங்கிய உறவு. அவரிடம் எப்படிச் சொல்வது?

கொட்டியாரக்குடா:
நேரே சொல்லுங்கள் தம்பி, மறைத்துப் பேசினால்தான் பகை வளரும். உறவுக்காரர், கூட்டாளி, வேலை செய்யும் இடம் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டை அந்த மொடரேட்டர் தொடக் கூடாது, மற்ற இருவரும் பார்க்க வேண்டும் என்று மூவருக்கும் பொதுவான விதியாக வையுங்கள், அப்போது அவரைக் குறிவைத்ததாகவும் இருக்காது. யார் எதை நீக்கினார் என்பது குழுவின் செயற்பாட்டுப் பதிவில் இருக்கும். கிழமைக்கு ஒரு தடவை மூன்று பேருமாக இருந்து அதைப் பாருங்கள்.