புதுப்பிப்பு: ஒரு நிமிடத்தில் அறுந்துபோன அறிக்கை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன், ஞாபகமிருக்கும்: வருடாந்திர விற்பனை அறிக்கையை எக்செல்லாக இறக்கினால் சரியாக ஒரு நிமிடத்தில் 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது என்று. சந்தேகப்பட்டபடி, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி எங்கள் சர்வருக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற மென்பொருள்தான் காரணம். பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடும், அதுதான் இயல்புநிலை. 600 ஆக்கிப் பார்த்தேன். பிழை போனது, ஆனால் பொறுமையிழந்தவர்கள் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த, ஒரே அறிக்கை நாலு தடவை ஓடி டேட்டாபேஸ் திணறியது.

இப்போது அறிக்கை தயாரிப்பது பின்னணியில் ஓடும் ஒரு வேலை வரிசைக்குப் போகிறது. சர்வர் உடனே 202-உம் ('வாங்கிக்கொண்டேன், இன்னும் முடியவில்லை' என்ற பதில்) ஒரு வேலை எண்ணும் தருகிறது. அதே அறிக்கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பழைய எண்ணே திரும்ப வரும்.

வேலையின் முன்னேற்றத்தைச் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் (சர்வர் பிரவுசருக்குத் தகவலை அவ்வப்போது தானே அனுப்பும் முறை) வழியே அனுப்பினேன். என் லேப்டாப்பில் ஜோராக ஓடியது. சர்வரில் ஏற்றினால் எல்லாம் கடைசியில் மொத்தமாக வந்து கொட்டியது! மறுபடி என்ஜின்எக்ஸ்: பதிலைத் தன்னிடம் சேர்த்துவைத்துத்தான் அனுப்புகிறது. சேர்த்துவைக்காதே என்று அதற்குச் சொல்லும் 'எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ' என்ற ஹெடரைப் பதிலோடு சேர்த்ததும் சரியானது. இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போச்சு.

முன்னேற்றத்தைச் சதவீதமாகக் காட்டுவதை எடுத்துவிட்டேன், 99-இல் நின்று உயிரை வாங்கியது. "12 மாதங்களில் 5 முடிந்தது" என்று காட்டினால் யாரும் பட்டனைத் தொடுவதில்லை.

ரத்து பட்டன் மட்டும் பாக்கி.