லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டுல எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கட்டம் காலி, லேப் தப்புங்களா?

கேள்வி (ஈரோடு):
அப்பாவுக்கு 54 வயசுங்க. மொத்த கொலஸ்ட்ரால் 238, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, டிரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற இன்னொரு வகைக் கொழுப்பு) 436. எல்டிஎல் எடத்துல வெறும் கோடு. முந்தின நாள் கெடா விருந்து. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு, காலைல ஏழு மணிக்கு ரத்தம் குடுத்தார். மறுபடி எடுக்கணுங்களா? வீட்டுல தேங்காயெண்ணெயை நிறுத்தச் சொல்றாங்க.

பதில் 1:
தப்பில்லைங்க, கோடு போட்டதே நல்லது. நெறைய லேப்ல எல்டிஎல்லை நேரா அளக்கறதில்லை. 1972ல ஃப்ரீட்வால்ட் குழு குடுத்த கணக்குதான்: மொத்தத்துல எச்டிஎல்லைக் கழிச்சு, டிரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிக்கணும். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினா அந்த அஞ்சுல ஒரு பங்கு ஒத்து வராது. உங்கப்பாவுக்குப் போட்டுப் பாருங்க: 238-34-87 = 117. 'பரவால்லையே'ன்னு தோணும். நெசத்துல அதுக்கு மேலதான் இருக்கும்.

இப்போதைக்கு 238ல 34 போக மிச்சம் 204ஐப் பாருங்க. நான்-எச்டிஎல்னு சொல்றது இதைத்தான். டிரைகிளிசரைடு ஏறினாலும் இந்தக் கணக்கு கெடாது. எல்டிஎல் இலக்கோட 30 கூட்டினா இதோட இலக்கு. எல்டிஎல் 100க்குள்ளன்னா இது 130க்குள்ள. 204 ரொம்ப அதிகம்.

பதில் 2:
ரெண்டு வாரம் கழிச்சு எடுங்க. அதுவரைக்கும் வழக்கமான சாப்பாடு, கடைசி மூணு நாள் மது வேண்டாம். 12 மணி நேரம் பட்டினி. பச்சைத்தண்ணி குடிக்கலாம், பால் காபி ஒரு மடக்குகூட ஆகாது. கூடவே எச்பிஏ1சி (மூணு மாச சர்க்கரை சராசரி), டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) ரெண்டும் எழுதி வாங்குங்க. சர்க்கரை கட்டுல இல்லைன்னாலும், தைராய்டு கொறைஞ்சாலும் டிரைகிளிசரைடு ஏறும். அதைச் சரி பண்ணாம கொழுப்பு மாத்திரை மட்டும் போட்டா டிரைகிளிசரைடு சரியா எறங்காது. மறுபடியும் 400க்கு மேலன்னா எல்டிஎல்லை நேரா அளக்கற 'டைரக்ட் எல்டிஎல்' டெஸ்ட் கேளுங்க. 500 தாண்டினா கணையம் வீங்கற ஆபத்து கூடும். மேல்வயித்து வலி முதுகுக்குப் பாஞ்சா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

பதில் 3:
தேங்காயெண்ணெயில சுமார் 90 சதம் நிறைகொழுப்பு, கடலையெண்ணெயில 20 சதம்தான். மாத்தினா எல்டிஎல் எறங்கும், செக்குல ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனா 436க்குப் பழி எண்ணெய் மேல இல்லைங்க. சோறு, இனிப்பு, மது, தொப்பை. அரிசியும்பருப்புஞ்சோத்துல நெய்யை மட்டும் கொறைச்சுட்டு தட்டு நெறையச் சாப்பிட்டா அப்படியேதான் நிக்கும். பாக்கெட்டுல 'கொலஸ்ட்ரால் இல்லை'ன்னு போட்டிருக்கறதைப் பாத்து ஏமாறாதீங்க, எந்தச் செடி எண்ணெயிலயும் அது கணக்குல வர்ற அளவுக்கு இருக்காது.

கேட்டவர்:
காலைல எந்திரிச்சதும் பால் காபி குடிச்சுட்டுத்தான் போனாராம், இப்பத்தான் சொல்றார்.

பதில் 2:
ஒரு டம்ளர் காபியில 436 வராதுங்க. விருந்துல தண்ணி போட்டாரான்னு கேளுங்க.