விடுதிக்கும் ஒயினுக்கும் ஒரே முகம் தேடி ஏழு மாதம்

எட்டு அறை விடுதி, பின்பக்கம் திராட்சைத் தோட்டம். நடத்துபவர்கள் கணவனும் மனைவியும். "நல்லா ஒரு லோகோ போட்டுக் குடுங்க, போதும்" என்றுதான் என்னிடம் வந்தார்கள். மூன்று வாரத்தில் முடிகிற வேலை என்று நினைத்து முன்பணமும் வாங்கிவிட்டேன். ஏழு மாதம் இழுத்தது. இதே மாதிரி வேலை எடுக்கப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கணவருக்கு அது திராட்சைத் தோட்டம், தங்க வருகிறவர்கள் கூடுதல் வரவு. அந்த அம்மாவுக்கு அது விடுதி, ஒயின் சாயங்காலம் விருந்தினருக்கு ஊற்றித் தருகிற ஒன்று. கணக்கு நோட்டைப் பிரித்தால் அம்மா பக்கம்தான் ஜெயிக்கும், ஏனென்றால் கொடி நட்டு மூன்றாவது வருஷம் வாக்கில்தான் ஒயினுக்கு ஆகிற பழம் கிடைக்கும், அதுவரை வீட்டுக்குச் சோறு போட்டது அறைகள்தான். அதை அவரிடம் யார் சொல்வது?

சரி, அவர் சொன்ன பெயர் நன்றாக இருக்கிறதே என்று அதற்கு மூன்று வடிவம் வரைந்தேன். அப்புறம்தான் வக்கீலிடம் தேடச் சொன்னோம். வணிகச் சின்னப் பதிவில், பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டுப் பிரிக்கிற நீஸ் வகைப்பாட்டின்படி ஒயின் 33ஆம் வகுப்பு, தங்குமிடமும் உணவு பரிமாறுவதும் 43ஆம் வகுப்பு. 43இல் காலியாக இருந்த பெயர் 33இல் வேறொருவர் கையில் இருந்தது. விடுதிக்கு வைக்கலாம், பாட்டிலில் ஒட்ட முடியாது! மூன்று வடிவமும் குப்பைக்குப் போயின. இரண்டு வகுப்பிலும் தேடி முடிக்காமல் பென்சிலை எடுக்காதீர்கள், என் காசில் நான் படித்த பாடம் இது.

அடுத்து ரோஜா. கொடி வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி வைத்திருந்தார்கள், சாம்பல் நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும், கொடியைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும் என்று பல காலமாகச் செய்கிற வழக்கம். கதை பிரமாதமாக இருக்கிறது என்று குஷியாகி ஒரு ரோஜாவை வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "பூக்கடை ஆரம்பிக்கப் போறோமா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

விடை கிடைத்தது அவர்கள் வீட்டுக்குள்ளேதான். அன்று இரவு அங்கேயே தங்கினேன். அறைச் சாவியில் ஒரு தகரத் துண்டு தொங்கியது, அதில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி 6 என்று எழுதியிருந்தது. விளிம்பு கையில் குத்தாமல் மடித்துவிட்டிருந்தார்கள். பின்பக்கம் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் விரலில் தட்டுப்படும். காலையில் தோட்டத்துக்குள் போனால் ஒவ்வொரு வரிசையின் முதல் கம்பத்திலும் அதே தகரம், அதே குத்தெழுத்து. வரிசைக்கு எண் அடித்து மீந்த தகரத்தில் அவரே சாவிக்கும் செய்துகொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அந்தப் புள்ளி எழுத்தை வைத்தே முழு அடையாளத்தையும் கட்டினேன். பெயருக்கும் தோட்டத்தில் ஒரு வரிசையையே எடுத்துக்கொண்டோம், எது என்று இங்கே சொல்லவில்லை.

வேலை முடிந்தது என்று நினைத்தால் இனிதான் கூத்து. கணினித் திரையில் லேபிள் தட்டையாக இருக்கிறது, பாட்டில் உருண்டை. 750 மில்லி பாட்டிலின் விட்டம் சுமார் ஏழரை சென்டிமீட்டர், அகலமான லேபிளைச் சுற்றி ஒட்டினால் முன்னால் நின்று பார்க்கிறவருக்கு நடுப்பகுதிதான் ஒழுங்காகத் தெரியும். என் அழகான நீளப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வளைவில் போய் ஒளிந்துகொண்டன.

அதுகூடப் பரவாயில்லை. பூச்சு இல்லாத, சொரசொரப்பான தாளை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது நான்தான், புள்ளிகளை எம்பாஸ் செய்தால், அதாவது புடைத்து நிற்கும்படி அழுத்தினால், அந்தத் தாளில் அப்படி எடுப்பாக இருக்கும். ஐஸ் வாளியில் வைத்த பாட்டிலை இருபது நிமிஷம் கழித்து எடுத்தால் தாள் நனைந்து, கண்ணாடியின் பச்சை ஊடுருவித் தெரிந்தது. ஒரு ஓரம் வழுக்கிக் கீழே இறங்கியது. ஈரம் தாங்கும் தாள், நனைந்தாலும் ஒளி ஊடுருவாத பின்பூச்சு, அதற்கேற்ற பசை என்று தனியாகவே விற்கிறார்கள், லேபிள் அச்சகத்தில் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இப்போதெல்லாம் தாள் மாதிரி வந்தவுடன் பாட்டிலில் ஒட்டி ராத்திரி முழுக்க ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுகிறேன்.

சாலைப் பலகையில் இன்னொரு அடி. புள்ளி எழுத்து கையில் பிடித்துப் பார்க்கத்தான் அழகு, அந்தி நேரத்தில் வண்டியில் வருகிறவனுக்கு வெறும் தூசி. பலகைக்கு மட்டும் புள்ளிகளைச் சேர்த்துக் கெட்டியான எழுத்தாக வேறொரு வடிவம் செய்யவேண்டி வந்தது.

*

நானும் விடுதி நடத்துகிறவன், இந்தப் பதிவில் பலகை என்றதும் ஞாபகம் வந்தது. 1393இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்ட், ஏல் என்கிற பீர் வகையை விற்கிறவர்கள் எல்லாரும் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார், சரக்கைச் சோதிக்க வருகிற அதிகாரிக்கு இடம் தெரியவேண்டுமே. படிக்கத் தெரியாதவர்கள் காலம் என்பதால் மானும் மணியும் கிரீடமுமாகப் படம்தான் போட்டார்கள். எங்கள் விடுதிக்கு நான்கு வரியில் பெயர், தொலைபேசி எண், "அறைகள் உண்டு" எல்லாம் போட்டுப் பலகை வைத்தோம், ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு சேவலும் அம்புக்குறியும் மட்டும் போட்டோம். "சேவல் போட்ட இடத்துல திரும்புங்க" என்று ஊர்க்காரர்களே வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். லோகோவில் சேவல் கிடையாது, அது வேறு கதை.

*

மேலே எழுதியவர் விடுதிக்காரர், நான் ஒயின் பக்கத்து ஆள். பிரான்ஸின் பிரபல ஒயின் தோட்டமான ஷாட்டோ மூத்தோன் ரோத்ஷீல்டு 1945 முதல் வருஷத்துக்கு ஒரு ஓவியரை வைத்து லேபிள் போடுகிறது, நாமும் போடலாமே என்று கிளம்பினோம். மூன்றாம் வருஷம், நாலு பெட்டி வாங்குகிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் அலமாரிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு "உங்க ஒயின் வரலையா?" என்று கேட்டார். அதன் பிறகு மூத்தோன் பாட்டிலை உற்றுப் பார்த்தேன். ஓவியம் மாறுவது மேல்பகுதியில் மட்டும், அதன் கீழே பெயர் இருக்கும் இடம், அமைப்பு எல்லாம் பார்த்த உடனே தெரிகிற மாதிரிதான் வருகிறது. நாங்கள் எழுத்து, நிறம், மூடி வரைக்கும் வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருந்தோம். காப்பியடிக்கிறதையாவது ஒழுங்காக அடித்திருக்கலாம்.

*

பதிவு எழுதிய நான்தான் மறுபடியும். கணவன் மனைவியில் கடைசியில் யார் ஜெயித்தது என்று தனியே கேட்டவருக்கு: பலகையில் "விடுதி" பெரிதாகவும் தோட்டம் கீழே சின்னதாகவும், பாட்டிலில் அப்படியே தலைகீழாகவும் போட்டேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள், மனசுக்குள் என்னவோ தெரியாது. அந்தத் தகரச் சாவித் துண்டை விருந்தினர்கள் ஞாபகத்துக்கு எடுத்துப்போய்விடுகிறார்களாம். 6ஆம் அறைக்கு மட்டும் இதுவரை நான்கு முறை கணவர் புதிதாகக் குத்தியிருக்கிறார். இயந்திரத்தில் செய்துதர ஆள் இருக்கிறது என்றேன், வேண்டாம் என்று ஆணியைத் தேடப் போய்விட்டார்.