அப்பா பார்க்காத தண்ணீரைக் கதையில் வரவைக்கலாமா?

கடைமடைக்காரன்:
வணக்கம். எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். பதினைந்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன், இப்படி ஒரு கதையில் மாட்டிக்கொண்டதில்லை. 2023 ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், 16-ல் கல்லணை. 18-ம் தேதி அப்பா போய்விட்டார். கடைசி இரண்டு நாளும் அவர் கேட்டது ஒன்றுதான், "மடைக்குத் தண்ணி வந்துடுச்சா?" கல்லணைத் தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, அரிச்சந்திரா வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும், ஆனாலும் கேட்டார். "நாளைக்கு வந்துடும்ப்பா" என்று சொன்னேன்.

கதையில் தண்ணீர் வந்துவிடுகிறது. வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி நிரம்பி அப்புறம் நகர்ந்து வரும் அந்த முதல் தண்ணீரை அப்பா கரையில் உட்கார்ந்து பார்க்கிறார். படித்த நண்பர்கள் எல்லாரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கோ அப்பாவிடம் இரண்டாவது தடவையும் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. சரி, நடந்ததை அப்படியே எழுதலாம் என்றால் இரங்கல் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பேராவூரணி தென்னந்தோப்பு:
தம்பி, அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பே படுத்துவிட்டது, அடுத்த நாலு மாதத்தில் தாத்தாவும் இல்லை. அதை மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் அவர் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், நிஜத்தில் அவர் அழவே இல்லை. விழுந்த மரங்களில் எட்டின குலையை எல்லாம் அரிவாளால் வெட்டிக் குவித்து, கணக்கெடுக்க வந்தவர்களுக்கு, மரம் அறுக்க வந்தவர்களுக்கு, ரோட்டில் போனவர்களுக்கு என்று ஒரு வாரம் இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், யாரையும் சும்மா அனுப்பவில்லை. நாலாவது தடவை அந்த இளநீரை மட்டும் எழுதினேன், கதை கூடிவந்துவிட்டது. அப்பா படுத்திருந்த அறையில் அவர் கை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள்.

குடந்தை வாசகன்:
அக்கா சொல்வதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கதை என்ன பத்திரப் பதிவா, நடந்த தேதியில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்பதற்கு? அந்தத் தண்ணீர் யாருக்காக வருகிறது என்பதுதான் கேள்வி. அப்பாவுக்காக என்றால் இருக்கட்டும், உங்கள் உறுத்தல் தீர என்றால் படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. எங்கள் ஊர் எழுத்தாளர் கு.ப.ரா.வுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியிருந்த காலத்தில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள்தான் எழுதினார். நீங்களும் கொஞ்ச நாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கதையை வாயால் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத வரி எதுவோ, அதுதான் பொய்.

வெண்ணாற்றங்கரை:
ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. நிஜத்தில் தண்ணீர் எப்போது வந்தது, மடையைத் திறந்தது யார்? அதைச் சொல்லவே இல்லையே.

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கருமாதி முடிவதற்கு முன்னாலேயே வயலில் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கிறது, திறந்தது பக்கத்து வயல்காரர் என்று நானாக நினைத்திருந்தேன். அந்த வருடம் குறுவை கருகிப்போனதால் யாரும் அப்புறம் அதைப் பேசவும் இல்லை.

குடந்தை நண்பர் சொன்னபடி நேற்று ராத்திரி அம்மாவிடம் கதையைச் சொன்னேன். தண்ணீர் வருகிற இடம் வந்ததும், "அவரு எங்கடா பாத்தாரு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் தானாகச் சொன்னார். வெளியே தலை காட்டக் கூடாத அந்த நாட்களில், ஒரு நாள் விடிவதற்கு முன்னால் கொல்லைப் பக்கமாகப் போய் மடையைத் திறந்தது அம்மாதானாம். அப்பாவின் மண்வெட்டிக்குப் பிடி நீளம், அம்மாவுக்குத் தோதுப்படவில்லை, கையாலேயே சேற்றை அள்ளிப் போட்டிருக்கிறார். நகக்கண்ணில் ஏறிய சேறு போகவில்லையாம், துக்கத்துக்கு வந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு நாள் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். இதை எழுதலாமா என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.