பாட்டியின் கூறைப் புடவை: ஒரு புதுப்பிப்பு

பாட்டியின் கறுப்பு-வெள்ளைத் திருமணப் படத்தை வண்ணமாக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தபோது அரக்குக் கூறைப் புடவை சாம்பல் கலந்த நீலமாக வந்தது ஏன் என்று சென்ற மாதம் இதே விவாத இழையில் கேட்டிருந்தேன்; விடை ஓரளவு பிடிபட்டுவிட்டது.

இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் படத்தின் ஒளிர்வை அப்படியே வைத்துக்கொண்டு, நிறத்துக்குரிய இரண்டு மதிப்புகளை மட்டும், தாம் பயின்ற இலட்சக்கணக்கான வண்ணப் படங்களைக் கொண்டு ஊகிக்கின்றன. புல்லுக்குப் பச்சை என்பதில் குழப்பமில்லை; ஆனால் புடவை எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால், பிழையைக் குறைக்கும் பொருட்டு மங்கலான ஒரு நடுநிறத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் சிவப்பொளியை உணராது. சிவப்பு அதில் ஏறக்குறைய கறுப்பாகவே பதியும். பாட்டியின் குங்குமப் பொட்டு சாந்துப் பொட்டைப் போல் கறுத்திருப்பதைப் பார்த்தால், எங்கள் படமும் அத்தகைய பிலிமில் எடுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

நல்லவேளையாக, அந்தப் புடவை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த நிறத்தை கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் தனி அடுக்காக ஏற்றினேன். கறுத்த பகுதியைச் சற்று வெளுப்பாக்கிய பிறகே அரக்கு ஒட்டியது. ரவிக்கை பச்சை என்கிறார் அத்தை, மாம்பழ மஞ்சள் என்கிறார் பெரியம்மா. அதை மட்டும் சாம்பலாகவே விட்டுவைத்திருக்கிறேன்.