டீனோ 246 ஜிடி: எஞ்சின் மாறியிருந்தால் அசல் கார்தானா?

சக்கரவாகம்:
1972-இல் தயாரான டீனோ 246 ஜிடி (ஃபெராரியின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். சேசிஸ் (அடிச்சட்டகம்) எண் ஆவணங்களோடு பொருந்துகிறது; எஞ்சின் எண் பொருந்தவில்லை. நிறமும் பிற்காலத்தில் சிவப்பாக மாற்றப்பட்டுள்ளது. இதனை அசல் கார் என்று கொள்ளலாமா?

பழைய பிஸ்டன்:
சேசிஸும் உடலும் தொழிற்சாலையில் இணைந்தவை என்றால் கார் அசல்தான்; ஆயினும் அதனோடு வெளிவந்த எஞ்சின் இல்லாததால், எண்கள் அனைத்தும் பொருந்திய காருக்கு உரிய விலையை இதற்குத் தராதீர்கள். டீனோவுக்கு இரட்டைப்படைச் சேசிஸ் எண்களே வழங்கப்பட்டன என்பதால், ஒற்றைப்படை எண்ணைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். எனக்கு எஞ்சினைவிடத் துருவே பெரிய கவலை. முந்தைய டீனோ மாடலான 206 ஜிடியின் உடல் அலுமினியம்; 246-இன் உடலோ பெரும்பாலும் எஃகு. கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியில் காந்தம் ஒட்டவில்லை என்றால், பெயின்ட்டுக்கு அடியில் புட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். (புதுப் பளபளப்பு என்றாலே எனக்கு ஐயம்தான்.)

மூன்றாம் கியர்:
நிறத்தை மீட்டுவிடலாம், தொலைந்த எஞ்சின் திரும்பி வருவது அரிது. ஃபெராரி நிறுவனத்தின் பழைய கார்களுக்கான கிளாசிகே பிரிவு, தொழிற்சாலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டே அசல் கார் என்ற சான்று வழங்குகிறது. அச்சான்று உள்ளதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.

சக்கரவாகம்:
கேட்டேன், இல்லையாம். காந்தத்தோடு மீண்டும் செல்கிறேன்.